மனநல அவசரத்தில் கொந்தளிப்பு: கட்டிப்போடாமல் பார்க்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கடற்கரை ஊர்களில் குடும்பங்கள் கேட்கிற கேள்விகள் இவை. சிறிய மருத்துவமனைகளில் ராத்திரி டூட்டி பார்க்கிறவர்கள் கேட்பதும் இதில் உண்டு. நான் மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். கயிற்றை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொந்தளிப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? அடிக்க வருவதையா?

இல்லை. உட்கார முடியாமல் இங்கும் அங்கும் நடப்பது, கையைப் பிசைவது, சட்டையைக் கழற்றிக் கழற்றிப் போடுவது, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுவது, சாதாரணமாகக் கேட்டதற்கே குரல் உயர்வது, இதெல்லாம் கொந்தளிப்பு. இந்த நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை. அவர்கள் பயந்து போயிருக்கிறார்கள். தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று நம்புகிறவர் கத்தாமல் என்ன செய்வார்?

கொந்தளிப்பு வளரவும் செய்யும், இறங்கவும் செய்யும். முதல் பத்து நிமிடத்தில் சுற்றி நிற்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துதான் அது எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் முடிவாகிறது.

கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே. இதை அளக்க வேறு வேண்டுமா?

வேண்டும். காரணம் இதுதான். ஒரே ஆளைப் பார்த்து வாசலில் நிற்கும் செக்யூரிட்டி "பயங்கரமான கேஸ்" என்பார். அம்மா "நல்ல பிள்ளை, ரெண்டு நாளாத் தூங்கல, அவ்வளவுதான்" என்பார். டூட்டி டாக்டர் காதில் எது முதலில் விழுகிறதோ, அதன்படி அடுத்த வேலை நடக்கும். உருவத்தில் பெரிய ஆள், கருத்த ஆள், வேற்றூர்க்காரர், போலீஸ் கூட்டி வந்தவர் என்றால் ஆபத்து கூடுதலாகத் தெரியும். எண்ணாக எழுதி வைத்தால் பார்க்கிறவருடைய பயம் எவ்வளவு, நோயாளியின் நிலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

இன்னொரு பயனும் உண்டு. 8 மணிக்கு என்ன எண், 8.30க்கு என்ன எண் என்று கேஸ் ஷீட்டில் இருந்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பிடித்துக் கட்ட யாருக்கும் கை வராது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. சுவிட்சர்லாந்தில் தீவிர மனநல வார்டுகளில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. அங்கே சில வார்டுகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒரு சிறிய பட்டியலை வைத்து முறையாக மதிப்பிட்டார்கள். அந்த வார்டுகளில் கடுமையான வன்முறைச் சம்பவங்கள் 41 சதவீதமும், கட்டுவது, பூட்டுவது போன்ற கட்டாய நடவடிக்கைகள் 27 சதவீதமும் குறைந்தன. எண்ணைப் போட வேண்டும் என்றால் நோயாளியை நின்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர் அடுத்து என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே யோசித்துவிடுகிறார். அந்தக் குறைவுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

என்னென்ன அளவுகோல்கள் இருக்கின்றன? எங்கள் மாதிரி சின்ன ஆஸ்பத்திரிக்கு எது சரிப்படும்?

இரண்டு போதும். முதலாவது பார்ஸ் (BARS), நடத்தையின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் அளவுகோல். நோயாளியிடம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டாம், பார்த்தே எழுதலாம். 1 முதல் 7 வரை போகும். 1 என்றால் எழுப்பவே முடியாத நிலை. 2 தூங்குகிறார், தொட்டாலோ கூப்பிட்டாலோ எழுகிறார். 3 மயக்கம் கலந்த அசதி. 4 அமைதியாக விழித்திருக்கிறார், இதுதான் இயல்பு. 5 பேச்சிலோ உடம்பிலோ வேகம் தெரிகிறது, ஆனால் சொன்னால் அடங்குகிறார். 6 ஓயாமல் இயங்குகிறார், ஆனாலும் பிடித்து வைக்கத் தேவையில்லை. 7 வன்முறை, பிடித்தே ஆக வேண்டிய நிலை.

இதில் 5, 6, 7 மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். நான் பார்த்தவரை, கட்டப்பட்டு வருகிறவர்களில் பலர் 5இல் இருப்பவர்கள். சொன்னால் கேட்கும் நிலையில் இருப்பவரிடம் யாரும் சொல்லிப் பார்க்காமலே கயிறு வந்துவிடுகிறது.

இரண்டாவது புரோசெட் பட்டியல். நார்வே நாட்டில் உருவானது. குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாயால் மிரட்டுவது, கையை ஓங்கி மிரட்டுவது, பொருள்களைத் தாக்குவது என்று ஆறு அறிகுறிகள். இருந்தால் 1, இல்லை என்றால் 0. மொத்தம் 0 என்றால் அடுத்த 24 மணி நேரத்தில் வன்முறைக்கு வாய்ப்பு குறைவு. 1 அல்லது 2 என்றால் கவனம் தேவை. 3 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே திட்டம் வேண்டும். "திட்டம்" என்றால் கயிறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியான அமைதியான இடம், கூடவே ஓர் ஆள், மாத்திரை கொடுத்துப் பார்ப்பது, டாக்டரை இப்போதே கூப்பிடுவது, இதெல்லாம்தான் திட்டம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எப்போதும் சத்தமாகப் பேசுகிற ஆளுக்கு, அவருடைய வழக்கத்தைவிடக் கூடியிருந்தால்தான் 1 போட வேண்டும். கடலில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள் நம் ஊரில் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள். அதை ஆர்ப்பாட்டம் என்று எழுதிவிடக் கூடாது. "அண்ணன் வழக்கமாவே இப்படித்தான் பேசுவாரா?" என்று வீட்டாரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஷுவாலிட்டிக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பார்கள்?

உடம்பைப் பார்க்க வேண்டும். மனநோய் என்று முத்திரை குத்திவிட்டால் சுகர்கூடப் பார்க்க மறந்துவிடுகிறோம். விரலில் ஒரு குத்து, அரை நிமிடத்து வேலை. சர்க்கரை இறங்கிப்போனவர் குடித்தவர் போலவும், சண்டைக்காரர் போலவும் நடந்துகொள்வார். அவரைக் கட்டி வைத்தால் உயிர் போய்விடும்.

அதோடு காய்ச்சல், பல்ஸ், ரத்த அழுத்தம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு, தலையில் அடிபட்ட தடயம், சமீபத்தில் வலிப்பு வந்ததா, சிறுநீர் போனாரா, எங்காவது வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலே நிலைகுலைந்து போவார்கள். "இன்னைக்கு என்ன கிழமை, நாம எங்க இருக்கோம்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினாலோ, காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் மாறி மாறி இருந்தாலோ, இல்லாததைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கப் போனாலோ, அது உடல் நோயால் வந்த சித்தக் குழப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். 45 வயதுக்கு மேல் முதல் முறையாக இப்படி ஆகிறவர்களிடமும் உடல் காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் சில காரணங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

குடியை நிறுத்தியது. தினமும் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் குழப்பம், வியர்வை, பூச்சி ஊர்வது போன்ற தோற்றங்கள் வரும். கால் முறிந்து வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் ராத்திரி கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி "கடைசியா எப்போ குடிச்சார்?" இதற்கு வைத்தியம் வேறு. தயமின் ஊசி, அப்புறம் லோராசிபாம் வகை மருந்து. கட்டிப்போட்டு விட்டுவிட்டால் வலிப்பு வந்து இறக்கக்கூடும்.

வெயில். மனநோய்க்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிபெனிடில் அதில் ஒன்று. உப்பளத்திலோ கருவாட்டுக் களத்திலோ சித்திரை வெயிலில் நின்றவருக்கு உடல் கொதித்துப் பித்துப் பிடித்தது போல ஆகலாம். லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, பேதி, கை நடுக்கம், நடை தள்ளாட்டம், பிறகு குழப்பம் என்று வரும். நோன்பு மாதத்துக்கு முன்பே லித்தியம் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பயணிகள். ராமேஸ்வரத்துக்கு வட மாநிலங்களிலிருந்து இரண்டு மூன்று நாள் ரயிலில் வரும் பெரியவர்கள் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள், தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள், மாத்திரைப் பையும் எங்காவது போயிருக்கும். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு 22 தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு தாத்தா கையை உதறிக் கத்துகிறார் என்றால், அவருக்கு முதலில் வேண்டியது அவருடைய மொழி பேசும் ஒருவர். அடுத்து உப்புச் சர்க்கரைக் கரைசல், பிறகு பரிசோதனை. கடைக்காரர்களிலும் ஆட்டோக்காரர்களிலும் இந்தி பேசுகிறவர் எப்போதும் கிடைப்பார். அவரைக் கூப்பிட்டுப் பேச வைத்த பிறகு பார்ஸ் எண் போடுங்கள். வித்தியாசம் தெரியும்.

ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர். அப்போது காரணம் தெரிந்ததுதானே?

அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன எல்லாம் அவருக்கும் வரும். அதோடு மருந்தே காரணமாகவும் இருக்கலாம். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் சிலருக்குக் காலில் தாங்க முடியாத ஒரு பரபரப்பை உண்டாக்கும். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். "உள்ளுக்குள்ள குடையுது" என்று சொல்வார்கள். வெளியில் இருந்து பார்த்தால் நோய் முற்றியது போலவே இருக்கும். மருந்தைக் கூட்டினால் பரபரப்பும் கூடும். "மனசுல பதட்டமா, கால்ல பதட்டமா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகுவது ஆகியவையும் மருந்தின் பக்கவிளைவுகள்தான். ஓர் ஊசியில் சரியாகும். பேய் இழுக்கிறது என்று அதை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். காய்ச்சலோடு உடம்பு கட்டை போல விறைத்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உயிருக்கே ஆபத்து.

பேசிப் பார்த்தால் அடங்குவார் என்கிறீர்கள். எப்படிப் பேசுவது?

அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட பீட்டா வழிகாட்டுதலில் இதற்குப் பத்து விதிகள் இருக்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் அதிகம் நம்புகிறவற்றைச் சொல்கிறேன்.

ஒருவர் மட்டும் பேச வேண்டும். ஆறு பேர் சேர்ந்து "உக்காரு, உக்காரு" என்றால் யார் சொல்வது காதில் விழும்? இரண்டு கை நீளம் தள்ளி நில்லுங்கள். கதவு அவருக்கும் தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், நீங்கள் யார் என்றும் சொல்லுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பதில் வர நேரம் கொடுங்கள். கொந்தளிப்பில் இருக்கும் மூளைக்கு வார்த்தை மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

பாம்பன் பக்கமிருந்து ஓர் இளைஞரை லோடு ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். இரண்டு மணிக்கட்டும் படகில் கட்டும் நைலான் கயிற்றால் கட்டியிருந்தது. கூட மாமாவும் நாலைந்து உறவினர்களும். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டிருந்தார். என்னோடு பணியில் இருந்த சீனியர் அக்கா முதலில் உறவினர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு தள்ளி நின்று கேட்டார்:

"தம்பி, கயிறு இறுக்குதா?"

கத்தல் நின்றது. "எரியுது" என்றார்.

"அவுத்து விடுறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அவுத்தா யாரையாச்சும் அடிக்கணும்னு தோணுதா?"

"மாமாவ."

"மாமா வெளிய போயிட்டார். வேற யாரையாவது?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லக்கா" என்றார்.

கயிறு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது, கத்தரியால்தான் வெட்ட முடிந்தது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. அதற்கு மருந்து போடுகிற சாக்கில் பல்ஸும் பார்த்தாயிற்று, சுகரும் பார்த்தாயிற்று. "மாத்திரை போடுறீங்களா, ஊசி போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டதற்கு மாத்திரை என்றார். கேஸ் ஷீட்டில் பார்ஸ் 5 என்று எழுதினோம். வரும்போது 7 என்று ரெஃபரல் சீட்டில் யாரோ எழுதியனுப்பியிருந்தார்கள்.

கேள்வி "அடிப்பீங்களா?" என்று மிரட்டும் தொனியில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அக்கா நேரடியாகக் கேட்டார். நேரடியாகக் கேட்டால் நேரடியாகப் பதில் வரும். அதை வைத்து ஆபத்து யார் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எதையெல்லாம் சொல்லக் கூடாது?

"அமைதியா இரு", "ஒண்ணுமே இல்ல, சும்மா நடிக்காத", "கட்டிப் போட்டுருவேன்", "ஊசி போட்டுருவேன்". இவற்றை விட்டுவிடுங்கள். அவர் நம்புவதை இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். "நீங்க பயந்து போயிருக்கீங்கன்னு தெரியுது. இங்க பாதுகாப்பா இருக்கலாம்" என்றால் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. வரம்பையும் சொல்லத்தான் வேண்டும். "கோபப்படலாம், கத்தலாம், ஆனா யாரையும் அடிக்கக் கூடாது" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும்.

ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மருந்து தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் மருந்தின் நோக்கம் அமைதி, தூக்கம் இல்லை. தூங்குகிறவரிடம் என்ன நடந்தது என்று கேட்க முடியாது, தலையில் அடிபட்டவர் மயங்குகிறாரா, மருந்தில் மயங்குகிறாரா என்றும் தெரியாது. வாயால் சாப்பிடும் மருந்தை முதலில் நீட்டுங்கள். கேட்டு வாங்கிக்கொண்ட மாத்திரைக்கும், நான்கு பேர் அமுக்கிப் போட்ட ஊசிக்கும் அடுத்த வருகையின்போது வித்தியாசம் தெரியும். அமுக்கிப் போடப்பட்டவர் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வர மாட்டார்.

ஊசிதான் வழி என்றால், எதைப் போடுவது என்பதில் நம் தமிழ்நாடு உலகத்துக்கே பதில் சொல்லியிருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 200 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2004இல் வெளியானது. ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த ஊசியை லோராசிபாமோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் வேலை செய்தன, சேர்க்கை மருந்து வேகமாக வேலை செய்தது. 2007இல் 300 பேரை வைத்து ஒலான்சபினோடு ஒப்பிட்டதில், சேர்க்கை மருந்து போட்டவர்களுக்கு மீண்டும் மருந்து தேவைப்பட்டது குறைவு. ஹாலோபெரிடால், புரோமெதசின் இரண்டுமே விலை மலிவான மருந்துகள். ஹாலோபெரிடாலைத் தனியாகப் போட்டால் கழுத்து இழுத்துக்கொள்வது அதிகம், புரோமெதசின் அதைத் தடுக்கிறது. ஒலான்சபின் ஊசியையும் லோராசிபாம் வகை ஊசியையும் ஒன்றாகப் போடக் கூடாது, மூச்சு ஒடுங்கிவிடலாம்.

ஊசி போட்ட பிறகு முதல் ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சு, பல்ஸ், ரத்த அழுத்தம், ஆக்சிஜன், பார்ஸ் எண் எழுதுவது நல்ல பழக்கம். 2க்குக் கீழே போனால் உடனே டாக்டர் வர வேண்டும்.

ராத்திரி மனநல டாக்டர் இல்லை. எம்.பி.பி.எஸ். டாக்டர் சிகிச்சை கொடுக்கலாமா?

தாராளமாக. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 94ஆம் பிரிவில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் அவசர சிகிச்சை கொடுக்கலாம் என்கிறது. மருத்துவமனையில்தான் என்றில்லை, வெளியிலும் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு, நோயால் பெரும் பொருள்சேதம் என்ற நிலை இருக்க வேண்டும். நியமனப் பிரதிநிதி (நோயாளி சார்பில் சிகிச்சை முடிவுகளில் துணை நிற்பவர்) பக்கத்தில் இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். இது 72 மணி நேரத்துக்கு மட்டும்தான். அதற்குள் மனநல நிறுவனத்தில் மதிப்பீடு நடந்துவிட்டால் அதோடு முடிந்தது. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த அவசர சிகிச்சையில் அடக்கம். மின்னதிர்வு சிகிச்சையை அவசர சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது.

மருத்துவமனையில் கட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கிறதா?

சங்கிலிக்கு எந்த வடிவிலும் அனுமதி இல்லை, 95ஆம் பிரிவு அதை அடியோடு தடை செய்கிறது. தனி அறையில் பூட்டி வைப்பதையும் 97ஆம் பிரிவு தடுக்கிறது. உடல் கட்டுப்பாடு என்பது, உடனடித் தீங்கைத் தடுக்க அதைத் தவிர வேறு வழியே இல்லாதபோது, சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும். எந்த முறையில், ஏன், எவ்வளவு நேரம் என்று உடனே எழுதி வைக்க வேண்டும். நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். தண்டனையாகவோ, பயமுறுத்தவோ கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற ஒரே காரணத்துக்காகவும் கட்டக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

வேறு வழியே இல்லாமல் கட்ட நேர்ந்தால்: மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், குப்புறப் போடக் கூடாது. நெஞ்சிலும் கழுத்திலும் முதுகிலும் யாரும் உட்காரவோ முட்டியை ஊன்றவோ கூடாது. மூச்சு முட்டி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. பட்டையான மென்துணி, இரண்டு விரல் நுழையும் இடைவெளி. ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தண்ணீர், கழிப்பறை, கால் கை அசைக்க விடுவது எல்லாம் வேண்டும். அசையாமல் நீண்ட நேரம் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். கட்டும்போதே எதைப் பார்த்து அவிழ்ப்போம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், "பார்ஸ் 5க்கு வந்ததும்" என்பது மாதிரி.

ஆள் இல்லாத இடத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு நர்ஸ், ஒரு அட்டெண்டர், ஒரு டாக்டர், பக்கத்தில் பிரசவக் கேஸ். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுவதற்கு நான்கைந்து பேர் வேண்டும், கட்டிய பிறகு பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், காயம் பட்டால் இன்னும் வேலை. பேசுவதற்கு ஓர் ஆளும் கொஞ்சம் பொறுமையும் போதும். பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்தில் பலன் தெரிந்துவிடும்.

அமைப்பிலும் செய்ய வேண்டியவை உண்டு. ட்யூப் லைட் கண்ணைக் குத்தாத, கூட்டம் எட்டிப் பார்க்காத ஒரு மூலை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன், குடிக்கத் தண்ணீர். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இங்கிலாந்தில் 31 வார்டுகளில் நடத்திய சேஃப்வார்ட்ஸ் முயற்சியில், ஊழியர்கள் நோயாளிகளோடு பழகும் விதத்தில் செய்த சின்னச் சின்ன மாற்றங்களாலேயே மோதல்கள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்தன.

வீட்டில் வேறு வழியில்லாமல் சங்கிலி போட்டிருக்கிறோம். எங்களைக் குற்றம் சொல்வீர்களா?

மாட்டேன். தூங்காத ராத்திரிகளும், கிணற்றுப் பக்கம் ஓடிய பிள்ளையும், கடலுக்குப் போக முடியாமல் வீட்டோடு காவல் இருக்கும் அப்பாவும் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் சங்கிலியை இன்றே கழற்ற வழி பார்ப்போம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இது ஏர்வாடி இருக்கும் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது, அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கே கட்டிப் போட்டவர்களில் பலரும் "பாதுகாப்புக்குத்தான்" என்று சொல்லியே கட்டினார்கள். கட்டப்பட்டவர் தீயிலிருந்தும் தப்ப முடியாது, புயலிலிருந்தும் தப்ப முடியாது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது.

வீட்டில் செய்யக்கூடியது: அரிவாள், மீன் வெட்டும் கத்தி, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, தூண்டில் முள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். அவருக்குப் பிடித்த ஒருவர் கூட இருக்கட்டும், மற்றவர்கள் தள்ளி இருங்கள். டி.வி. சத்தத்தைக் குறையுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நாள் தூங்கவில்லை, என்ன மருந்து, என்ன குடித்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போகலாமா?

போகலாம். மருந்தை நிறுத்தாமல் போங்கள். ஏர்வாடியிலேயே துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்கும்படி அரசு மனநலத் திட்டம் வேலை செய்கிறது. குஜராத்தின் உனாவா தர்காவில் இதற்கு முன்பே நடைமுறைக்கு வந்த வழி அது. உம்மாவுக்கு மன நிம்மதி கிடைக்கிறது, பிள்ளைக்கு மாத்திரையும் கிடைக்கிறது என்றால் அதில் தவறு காண எனக்கு எதுவும் இல்லை. கொந்தளிப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் முதலில் மருத்துவமனை.

கூட்டிக்கொண்டு வருவது எப்படி? போலீஸைக் கூப்பிடலாமா?

108 ஆம்புலன்ஸ் மனநல அவசரத்துக்கும் வர வேண்டும். மற்ற நோயாளிகளுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் ஆம்புலன்ஸ் கிடைப்பது சட்டப்படி உரிமை. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் கட்டி எடுத்துப் போவதற்குப் பதில், பக்கத்து மருத்துவமனையில் முதல் மருந்து கொடுத்து, அமைதியான பிறகு அனுப்புவது நல்லது. அதைத் துணிந்து கேளுங்கள்.

தெருவில் ஆதரவில்லாமல் அலைபவரைக் கண்டால் போலீஸுக்குச் சொல்லலாம். 2017 சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி அவர்கள் அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீட்டில் நடக்கும் விஷயத்துக்குக் காக்கிச் சட்டையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். வந்தால்கூட லத்தி வெளியே தெரியாமல் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அடங்கிய பிறகு அதைப் பற்றிப் பேசலாமா, விட்டுவிடலாமா?

பேச வேண்டும், மறுநாளோ அதற்கடுத்த நாளோ. "அன்னைக்கு எது உங்களை ரொம்பக் கோபப்படுத்துச்சு? நாங்க வேற என்ன செஞ்சிருக்கலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். நினைவில் ஒன்றும் இருக்காது என்று நினைக்காதீர்கள். யார் கையை முறுக்கினார், யார் தண்ணீர் கொடுத்தார் என்பதெல்லாம் நினைவில் இருக்கும். பிடித்த ஊழியர்களும் பேசட்டும். அவர்களுக்கும் கை நடுங்கியிருக்கும்.

அந்தப் பேச்சில் கிடைத்ததை எழுதி வையுங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், நியமனப் பிரதிநிதி யார் என்று சொல்லவும் வயது வந்த எவருக்கும் 2017 சட்டத்தில் உரிமை உண்டு. அவசர சிகிச்சையின்போது அந்த முன்விருப்ப ஆவணம் டாக்டரைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். இருந்தும் ராத்திரி இரண்டு மணிக்கு டூட்டியில் இருப்பவருக்கு அது பெரிய உதவி. கீழக்கரையைச் சேர்ந்த ஒருவருடைய தாளில் இப்படி இருந்தது (காக்கா என்றால் அண்ணன், வாப்பா என்றால் அப்பா): "காக்காவைக் கூப்பிடுங்கள். வாப்பாவை அப்போது உள்ளே விடாதீர்கள். ஹாலோபெரிடால் மட்டும் தனியாகப் போட்டால் எனக்குக் கழுத்து இழுக்கும். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுவேன். கையைப் பிடிக்காதீர்கள்." அதை நகல் எடுத்து ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில் பின் செய்து கொடுத்தோம், ஒரு நகல் காக்காவின் போனிலும் இருக்கிறது.